டிராப்பாக்ஸ் ஃபோல்டரிலிருந்து டெலிகிராம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு: வெப்ஹூக் மூலம் தானியங்கிப் பதிவு – முழுமையான வழிகாட்டி

கடைக்கு வந்த புதுச் சரக்கின் படங்களை டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும். டெலிகிராம் சேனல், ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் மூன்றுக்கும் தானாகப் போய்விட வேண்டும். இந்த இணைப்பை ஒரே மதியத்தில் ஓட வைத்துவிடலாம். ஒரே படம் மூன்று தடவை போகாமலும், பாதி எழுதிய கேப்ஷன் ஊருக்குத் தெரியாமலும், இரண்டு மாதம் கழித்துச் சத்தமில்லாமல் நின்றுபோகாமலும் பார்த்துக்கொள்வதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டிராப்பாக்ஸ் அனுப்பும் வெப்ஹூக்கில் (மாற்றம் நடந்ததும் நம் சர்வருக்கு வரும் தானியங்கி அறிவிப்பு) ஃபைலின் பெயர் இருக்காது. எந்தக் கணக்கில் மாற்றம் நடந்தது என்ற அடையாள எண் மட்டும்தான் வரும். அது காலிங் பெல் மாதிரி: அடிக்கும், யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லாது. என்ன மாறியது, அது பதிவிட வேண்டியதுதானா, ஏற்கெனவே போனதா என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் நிரல். இதை மனத்தில் வைத்துக் கட்டினால் மீதி எல்லாம் ஒழுங்காக அமையும்.

நிரல் எழுதாமலே தளங்களை இணைக்கும் ஸாப்பியர், மேக் போன்ற சேவைகளிலும் இதைச் செய்யலாம். ஒரே தளம், நாளுக்கு ஒன்றிரண்டு படம் என்றால் அதுவே போதும். மேலே படிக்கத் தேவையில்லை. மூன்று தளம், தமிழ்க் கேப்ஷன், பட அளவு திருத்தம் எல்லாம் சேர்ந்தால் சொந்தமாக ஒரு சிறு நிரல் வைத்துக்கொள்வதே நல்லது. பைத்தான், நோட் எதிலும் எழுதலாம். என்8என் என்ற தானியக்கக் கருவியில் கட்டினாலும் கீழே உள்ள வரிசை மாறாது.

தேவையானவை: எப்போதும் விழித்திருக்கும் ஒரு சிறிய சர்வர் (1 ஜிபி ரேம் தாராளம்), எச்டிடிபிஎஸ் உள்ள ஒரு டொமைன், டிராப்பாக்ஸ் கணக்கு, டெலிகிராம் சேனல், ஃபேஸ்புக் பக்கம், அந்தப் பக்கத்தோடு இணைத்த இன்ஸ்டாகிராம் பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்கு. இன்ஸ்டாகிராமின் சாதாரணத் தனிநபர் கணக்கில் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாகப் பதிவிட முடியாது. யாரும் வராதபோது தூங்கிவிடும் இலவச ஹோஸ்டிங் வேண்டாம். டிராப்பாக்ஸ் 10 விநாடிக்குள் பதிலை எதிர்பார்க்கும். அது எழுந்து வருவதற்குள் நேரம் போய்விடும்.

படி 1: ஃபோல்டர் ஒழுங்கு

நிரல் எழுதும் முன் நான்கு ஃபோல்டர் போடுங்கள்: வரைவு, அனுப்பு, போனது, தவறு. படம் எடுப்பவர் வரைவில் போடுவார். கேப்ஷன் எழுதுபவர் அதே பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைப்பார். படம் ‘பட்டு12’ என்றால் டெக்ஸ்ட் ஃபைலும் ‘பட்டு12’. இரண்டையும் சரிபார்த்து ‘அனுப்பு’ ஃபோல்டருக்கு நகர்த்துபவரே வெளியிடுகிறார். நிரல் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும்தான் பார்க்க வேண்டும். படம் ஏறிய உடனே பதிவாகும்படி வைத்தால், என்றைக்காவது ஒருநாள் வாடிக்கையாளர் பில்லின் ஸ்கிரீன்ஷாட் ஃபேஸ்புக்கில் வந்து நிற்கும்.

படி 2: டிராப்பாக்ஸ் ஆப்

டிராப்பாக்ஸ் ஆப் கன்சோலில் புது ஆப் உருவாக்குங்கள். அணுகல் வகையில் ‘ஆப் ஃபோல்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். படி 1-இன் நான்கு ஃபோல்டரும் அந்த ஆப் ஃபோல்டருக்குள்தான் இருக்க வேண்டும். முழு டிராப்பாக்ஸ் அணுகல் வேண்டாம். முழு அணுகல் கொடுத்தால் கணக்கில் எங்கே எது அசைந்தாலும் வெப்ஹூக் அடிக்கும். டோக்கன் (கணக்கை அணுக நிரலுக்குக் கொடுக்கும் சாவி) திருட்டுப் போனால் போவது ஒரு ஃபோல்டரோடு நிற்காது.

அனுமதிகள் பக்கத்தில் மூன்றை இயக்குங்கள்: ஃபைல் விவரம் படிக்க, ஃபைல் உள்ளடக்கம் படிக்க, உள்ளடக்கம் எழுத. பதிவான படத்தை ‘போனது’ ஃபோல்டருக்கு நகர்த்தக் கடைசி அனுமதி தேவை. அனுமதிகளைச் சேமித்த பிறகுதான் டோக்கன் வாங்க வேண்டும். முன்பே வாங்கிய டோக்கனில் புது அனுமதி வந்து ஒட்டிக்கொள்ளாது. அனுமதி இருக்கிறது என்று கன்சோல் காட்டும், அழைப்பு மட்டும் தோற்கும், காரணம் இதுதான்.

கன்சோலில் பொத்தானை அழுத்தி எடுக்கும் டோக்கன் 4 மணி நேரத்தில் காலாவதியாகும். சோதனைக்கு அது சரி. நிரந்தர ஓட்டத்துக்கு, அங்கீகார இணைப்பில் டோக்கன் வகையை ‘ஆஃப்லைன்’ என்று கொடுத்து ரிஃப்ரெஷ் டோக்கன் வாங்குங்கள். நிரல் அதை வைத்துத் தேவைப்படும்போது புது டோக்கன் எடுத்துக்கொள்ளும். சொந்தக் கணக்குக்கு மட்டும் என்றால் ஆப் ‘டெவலப்மென்ட்’ நிலையிலேயே இருக்கலாம்.

படி 3: வெப்ஹூக்கை வாங்கும் முகவரி

சர்வரில் ஒரு முகவரி, இரண்டு வேலை.

முதல் வேலை சரிபார்ப்பு. கன்சோலில் வெப்ஹூக் முகவரியைச் சேர்த்த உடனே டிராப்பாக்ஸ் ஒரு ‘கெட்’ கோரிக்கை அனுப்பும். அதில் ‘சேலஞ்ச்’ என்ற பெயரில் ஒரு சரம் இருக்கும். அதை அப்படியே வெறும் உரையாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஜேசன் என்ற தரவு வடிவில் சுற்றி அனுப்பினால் ஏற்காது. உள்ளடக்க வகையை ‘டெக்ஸ்ட் பிளெயின்’ என்று குறிப்பிடுங்கள்.

இரண்டாவது வேலை ‘போஸ்ட்’ அறிவிப்பு. ‘எக்ஸ்-டிராப்பாக்ஸ்-சிக்னேச்சர்’ என்ற ஹெடரில் ஒரு கையொப்பம் வரும். கோரிக்கையின் உடலை, ஆப் சீக்ரெட்டைச் (கன்சோலில் இருக்கும் ரகசியச் சரம்) சாவியாக வைத்து ஹெச்மேக்-எஸ்எச்ஏ256 போட்டால் வரும் மதிப்புதான் அது. நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் 403 (அனுமதியில்லை) கொடுத்து அனுப்பிவிடுங்கள். இங்கே வழக்கமாக இடறுமிடம் ஒன்று உண்டு: கையொப்பம் வந்த பைட்டுகளின் மேல் போடப்பட்டது. ஃபிரேம்வொர்க் அதை ஜேசனாகப் பிரித்த பிறகு நீங்கள் மறுபடி சரமாக்கினால் ஒரு இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. எக்ஸ்பிரஸில் அந்த முகவரிக்கு மட்டும் ‘ரா’ பார்சர் வையுங்கள். ஃபிளாஸ்கில் ‘கெட் டேட்டா’ தருவதை அப்படியே எடுங்கள். என்8என் வெப்ஹூக் நோடிலும் ‘ரா பாடி’ அமைப்பு இருக்கிறது. அங்கே சோதனை முகவரி வேறு, நிஜ முகவரி வேறு என்பதையும் மறக்க வேண்டாம்; சோதனை முகவரி நீங்கள் திரையில் ‘கேட்டுக்கொண்டிரு’ என்று அழுத்தியிருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும்.

கையொப்பம் சரியென்றால் உடனே 200 பதில் கொடுத்துவிட்டு, வேலையை வரிசையில் போடுங்கள். படத்தைப் பதிவிறக்கி, அளவு மாற்றி, மூன்று தளத்துக்கும் அனுப்பிவிட்டுப் பதில் சொல்லலாம் என்று நினைத்தால் 10 விநாடி தாண்டும். டிராப்பாக்ஸ் அறிவிப்பு தோற்றது என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். ஒரே படம் இரண்டு மூன்று தடவை பதிவாவதற்கு முதல் காரணம் இதுவே. தோல்வி மிக அதிகமானால் வெப்ஹூக்கையே முடக்கிவிடும். கன்சோலுக்குப் போய் மறுபடி இயக்க வேண்டியிருக்கும்.

படி 4: என்ன மாறியது?

டிராப்பாக்ஸில் ‘கர்சர்’ என்று ஒன்று உண்டு: இதுவரை பார்த்தாயிற்று என்பதற்கான அடையாளம். அதைக் கொடுத்து ‘லிஸ்ட் ஃபோல்டர் கன்டினியூ’ அழைத்தால் அதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் வரும். பதிலில் ‘ஹேஸ் மோர்’ உண்மை என்றிருந்தால் புது கர்சரோடு மறுபடி அழைக்க வேண்டும், தீரும் வரை.

நிறுவும்போது முதல் கர்சரை ‘கெட் லேட்டஸ்ட் கர்சர்’ வழியாக எடுங்கள். ‘லிஸ்ட் ஃபோல்டர்’ அழைத்து ஆரம்பித்தால் ஃபோல்டரில் ஏற்கெனவே கிடக்கும் அத்தனை படமும் ‘புதியது’ என்று வரும். சேனலில் இருப்பவர்களின் கைபேசி விடாமல் சத்தம் போடும்.

புது கர்சரை எப்போது சேமிப்பது? வந்த மாற்றங்களையெல்லாம் வரிசையில் எழுதி முடித்த பிறகு. முன்பே சேமித்தால், நடுவில் சர்வர் விழும்போது அந்தப் படங்கள் கடைசிவரை போகாது. பிறகு சேமித்தால், விழுந்து எழும்போது சில படங்கள் இரண்டாம் முறை வரும். அதைப் பேரேடு (எந்தப் படம் எங்கே போனது என்று எழுதிவைக்கும் அட்டவணை, படி 5) தடுத்துவிடும். இரண்டில் பின்னதே மேல்.

இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்து, இரண்டு செயல்கள் ஒரே கர்சரோடு ஓடவும் கூடும். கணக்குக்கு ஒரு பூட்டு வையுங்கள்: ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கட்டும். கர்சர் செல்லாது, ‘ரீசெட்’ என்று பிழை வந்தால் ‘லிஸ்ட் ஃபோல்டர்’ அழைத்து முழுப் பட்டியலையும் எடுங்கள். அப்போதும் காப்பாற்றப் போவது பேரேடுதான்.

இன்னொன்று: பதிவான படத்தை நிரலே ‘போனது’ ஃபோல்டருக்கு நகர்த்தும்போது அதுவும் ஒரு மாற்றம்தான், அதற்கும் வெப்ஹூக் வரும். ‘அனுப்பு’ பாதையில் இல்லாத எதையும் கண்டுகொள்ளாமல் விடும்படி எழுதியிருந்தால் தொல்லையில்லை. எழுதவில்லை என்றால் நிரல் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

படி 5: பேரேடு

எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும். ஒரு அட்டவணை: படத்தின் உள்ளடக்க ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான சரம்), தளம், நிலை, நேரம், தளம் கொடுத்த பதிவு எண், கடைசிப் பிழை. உள்ளடக்க ஹாஷை டிராப்பாக்ஸே ஒவ்வொரு ஃபைலின் விவரத்திலும் தருகிறது. ஹாஷும் தளமும் சேர்ந்த ஜோடி ஒரே ஒரு தடவைதான் வரலாம் என்று தரவுத்தளத்திலேயே விதி வையுங்கள். நிரலில் ‘இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டு எழுதுவது போதாது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் இன்னொரு செயல் நுழைந்துவிடும்.

ஃபைல் பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். பெயர் மாற்றினால் புதுப் படம் என்று நினைத்துக்கொள்ளும். அடுத்த தீபாவளிக்கு அதே படத்தை மறுபடி போட வேண்டுமென்றால் பேரேட்டில் அந்தப் படத்தின் வரிகளை நீக்கினால் ஆயிற்று.

நிலைகள் ஐந்து: வரிசையில், போகிறது, போனது, தவறு, சந்தேகம். கடைசி ஒன்றைப் பலர் வைப்பதில்லை. ஃபேஸ்புக்குக்கு அனுப்பினீர்கள், பதில் வரும் முன் இணைப்பு அறுந்தது. போயிற்றா, இல்லையா? தெரியாது. அப்போது தானாக மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவு. விட்டுவிட்டால் பதிவே இல்லாமல் போகலாம். ‘சந்தேகம்’ என்று குறித்து, உங்கள் டெலிகிராமுக்கு ஒரு செய்தி அனுப்பி, ஆள் பார்த்து முடிவு செய்யட்டும். 429 (வேகம் கூடிவிட்டது), 500 (சர்வர் கோளாறு) போலத் தெளிவான பிழை வந்தால் மட்டும் தானாக மறுமுயற்சி: 1 நிமிடம், 5 நிமிடம், 30 நிமிடம், பிறகு ‘தவறு’.

40 படத்தை ஒரே நேரத்தில் நகர்த்துவார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். வரிசையிலிருந்து 20 நிமிடத்துக்கு ஒன்று என்று விடுங்கள். ‘காலை 9 முதல் இரவு 9 வரை மட்டும்’ என்று வைத்தால் சர்வரின் நேர மண்டலத்தைப் பாருங்கள். பெரும்பாலான சர்வர்கள் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும்; அதன் காலை 9 மணி இங்கே மதியம் 2.30.

படி 6: படத்தைத் தயார் செய்தல்

எது வந்தாலும் ஒரே மாதிரி ஜேபெக்காக மாற்றிவிடுவது எளிது: எஸ்ஆர்ஜிபி நிறம், நீளப் பக்கம் 1440 பிக்சலுக்குள், தரம் 85. மூன்று தளத்துக்கும் இது பொருந்தும்.

ஐபோன் படங்கள் எச்இஐசி வடிவில் வரும். இன்ஸ்டாகிராம் ஏபிஐ ஜேபெக் தவிர வேறு எதையும் வாங்காது. போனிலேயே கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்துவிட்டால் தலைவலி பாதி குறையும். சர்வரில் மாற்றுவதாக இருந்தால் லிப்ஹெய்ஃப் சேர்ந்த இமேஜ்மேஜிக் வேண்டும். நோடில் பயன்படும் ஷார்ப் நூலகத்தின் வழக்கமான நிறுவலில் ஐபோன் எச்இஐசி திறக்காது.

படத்தோடு ஒட்டி வரும் எக்சிஃப் தகவலை நீக்குங்கள்; படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் அதில் இருக்கலாம். ஆனால் நீக்கும் முன் அதிலுள்ள ‘ஓரியன்டேஷன்’ குறிப்பின்படி படத்தைத் திருப்பிவிட வேண்டும். வரிசை மாறினால் புடவை படுத்துக்கொண்டு நிற்கும்.

விகிதம் அடுத்த சிக்கல். இன்ஸ்டாகிராம் ஏபிஐ விதி 4:5 முதல் 1.91:1 வரை. போனை நிமிர்த்தி எடுத்த படம் 3:4, அதாவது எல்லைக்குச் சற்று வெளியே. 1080க்கு 1440 உள்ள படத்தை மேலும் கீழும் வெட்டி 1080க்கு 1350 ஆக்கலாம். அல்லது இருபுறமும் வெள்ளை சேர்த்து 1152க்கு 1440 ஆக்கலாம். ஜவுளிக்கு வெட்டினால் பார்டர் போய்விடும். வெள்ளை சேர்ப்பதே நல்லது.

படி 7: தமிழ்க் கேப்ஷன்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ஆனால் நம் ஊர்க் கோளாறுகளில் பாதி இங்கேதான்.

முதலாவது, பெயர் பொருந்தாமை. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒருவர் ஆப்பிள் மேக் கணினியிலிருந்து ஏற்றிய படத்துக்கும் இன்னொருவர் விண்டோஸில் எழுதிய டெக்ஸ்டுக்கும் பெயர் ‘கொலுசு’ என்றே இருக்கும். நிரல் ‘கேப்ஷன் இல்லை’ என்று சொல்லும். ஒப்பிடும் முன் இரு பெயரையும் என்எஃப்சி வடிவுக்கு (இரண்டு விதத்தையும் ஒரே குறியாக்கும் யூனிகோட் வடிவு) மாற்றுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா, ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’, ஒரு வரி வேலை.

இரண்டாவது, பதிவிறக்கம். டிராப்பாக்ஸின் பதிவிறக்க அழைப்பில் ஃபைல் பாதை ஒரு எச்டிடிபி ஹெடருக்குள் ஜேசனாகப் போகிறது. ஹெடரில் தமிழை நேரடியாக வைக்க முடியாது. எழுத்துகளை யூனிகோட் எஸ்கேப்பாக மாற்ற வேண்டும். டிராப்பாக்ஸின் அதிகாரபூர்வ எஸ்டிகே (தயார் நிரல் தொகுப்பு) இதைப் பார்த்துக்கொள்ளும். நேரடியாக எழுதுபவர்கள் பாதைக்குப் பதில் ஃபைல் ஐடியைக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

மூன்றாவது, ஃபைலின் உள்ளே. பழைய விண்டோஸ் நோட்பேடில் ‘ஆன்சி’ என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும், மீட்க வழியில்லை. யூடிஎஃப்-8 என்று சேமிக்கச் சொல்லுங்கள். ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி இருந்தால் படிக்கும்போது நீக்கிவிடுங்கள். டிடிபி பழக்கம் உள்ளவர்கள் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுப்பதும் உண்டு. ‘அம்மா’ என்பது ‘அம்மா’வாக இல்லாமல் ஆங்கில எழுத்துக் குவியலாகப் பதிவாகும். எளிய காவல்: கேப்ஷனில் ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துகூட இல்லையென்றால் அனுப்பாமல் ‘தவறு’ ஃபோல்டருக்குத் தள்ளுங்கள்.

நான்காவது, நீளம். டெலிகிராம் படக் கேப்ஷன் 1024 குறிகள், இன்ஸ்டாகிராம் 2200. இது நாம் எண்ணும் எழுத்துக் கணக்கல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. 900 தாண்டினால் எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வெட்ட வேண்டி வந்தால் சொல் இடைவெளியில் வெட்டுங்கள். கண்ட இடத்தில் வெட்டினால் புள்ளியோ கொம்போ இல்லாமல் எழுத்து அரைகுறையாக நிற்கும்.

படம் வந்து டெக்ஸ்ட் இன்னும் வராமல் இருக்கலாம். இரண்டும் சேரும் வரை, அதிகபட்சம் 10 நிமிடம், காத்திருங்கள். வராவிட்டால் கேப்ஷன் இல்லாமல் அனுப்பாதீர்கள், தெரிவித்துவிட்டு நிறுத்துங்கள்.

படி 8: டெலிகிராம்

இதிலிருந்து தொடங்குங்கள். அனுமதி, மதிப்பாய்வு எதுவும் இல்லை. டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் புது பாட் (நிரல் இயக்கும் கணக்கு) உருவாக்கி, டோக்கன் வாங்கி, பாட்டைச் சேனலில் பதிவிடும் உரிமையோடு அட்மின் ஆக்குங்கள். ‘சென்ட் ஃபோட்டோ’ அழைப்பில் படத்தை நேரடியாக ஏற்றினால் 10 எம்பி வரை, இணைப்பாகக் கொடுத்தால் 5 எம்பி வரை. தனிப்பட்ட சேனலின் எண் மைனஸ் 100 என்று தொடங்கும். அதை விட்டுவிட்டால் ‘சாட் கிடைக்கவில்லை’ என்று வரும். வேகம் கூடினால் 429 பிழையோடு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதும் வரும்; அதை மதியுங்கள்.

படி 9: ஃபேஸ்புக் பக்கம்

மெட்டா டெவலப்பர் தளத்தில் ஆப் உருவாக்கி, பக்கத்தில் பதிவிடும் அனுமதியோடு பயனர் டோக்கன் எடுங்கள். அது குறுகிய ஆயுள் கொண்டது. அதை 60 நாள் டோக்கனாக மாற்றி, அந்த டோக்கனைக் கொண்டு பக்கத்தின் டோக்கனைக் கேளுங்கள். அப்படி வரும் பக்க டோக்கனுக்குக் காலாவதி இருக்காது. மெட்டாவின் டோக்கன் டீபக்கர் பக்கத்தில் ஒட்டி ‘நெவர்’ என்று காட்டுகிறதா பாருங்கள். குறுகிய டோக்கனிலிருந்து நேராகப் பக்க டோக்கன் எடுத்தால் ஓரிரு மணி நேரம் வேலை செய்யும், பிறகு 190 பிழை (டோக்கன் செல்லாது) வரும்.

படத்தை இணைப்பாகக் கொடுக்காமல் ஃபைலாகவே ஏற்றிவிடுங்கள். ஒரு சிக்கல் குறையும். பதிவு எண் வந்துவிட்டது, உங்களுக்குப் பதிவு தெரிகிறது, வேறு யாருக்கும் தெரியவில்லை என்றால் ஆப் இன்னும் டெவலப்மென்ட் நிலையில் இருக்கிறது. தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்றின் முகவரியைக் கொடுத்து ‘லைவ்’ ஆக்குங்கள்.

படி 10: இன்ஸ்டாகிராம்

இங்கே இரண்டு அழைப்பு. முதலில் பட முகவரியும் கேப்ஷனும் கொடுத்து ‘கன்டெய்னர்’ உருவாக்க வேண்டும். பிறகு அதன் எண்ணைக் கொடுத்து வெளியிட வேண்டும். கன்டெய்னர் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும்.

படத்தை நேரடியாக ஏற்ற முடியாது. மெட்டா சர்வர் தானே வந்து எடுத்துக்கொள்ளும் பொது முகவரி வேண்டும். டிராப்பாக்ஸின் பகிர்வு இணைப்பை அப்படியே கொடுத்தால் கிடைப்பது படமல்ல, படத்தைக் காட்டும் ஒரு வலைப்பக்கம். 9004 பிழை (படத்தை எடுக்க முடியவில்லை) வரும். டிராப்பாக்ஸின் தற்காலிக இணைப்பு 4 மணி நேரம் செல்லும், அது நேரடிப் படத்தைத் தரும். ஆனால் நாம் அளவு மாற்றிய படம் நம் சர்வரில்தானே இருக்கிறது? யூகிக்க முடியாத நீண்ட பெயரில் ஒரு பொது ஃபோல்டரில் வைத்து அந்த முகவரியைக் கொடுங்கள். வெளியான பிறகு அழித்துவிடுங்கள். ஃபயர்வாலில் ‘இந்தியாவிலிருந்து மட்டும்’ என்ற விதி இருந்தால் மெட்டா உள்ளே வர முடியாது. உங்கள் உலாவியில் படம் திறக்கும், பிழை மட்டும் 9004 ஆகவே நிற்கும்.

36003 என்றால் விகிதம் தவறு; படி 6 ஓடவில்லை. 9007 என்றால் கன்டெய்னர் இன்னும் தயாராகவில்லை; நிலையைக் கேட்டு ‘ஃபினிஷ்ட்’ வந்த பிறகு வெளியிடுங்கள். படத்துக்குச் சில விநாடி, ரீல்ஸுக்கு நிமிடக் கணக்கு.

‘சந்தேகம்’ நிலையை இங்கே மட்டும் நிரலே தீர்த்துக்கொள்ளலாம். வெளியிடும் அழைப்பில் பதில் வராவிட்டால் கன்டெய்னரின் நிலையைக் கேளுங்கள். ‘பப்ளிஷ்ட்’ என்றால் போய்விட்டது. ‘ஃபினிஷ்ட்’ என்றே இருந்தால் மறுபடி வெளியிடலாம்.

படி 11: ஓட விடுதல்

வெப்ஹூக்கை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். மணிக்கு ஒரு தடவை, அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும், அதே ‘கன்டினியூ’ அழைப்பை கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சர்வர் வசதி) வழியாக ஓட்டுங்கள். தவறிய அறிவிப்பும், முடங்கிய வெப்ஹூக்கும் அதிலேயே பிடிபடும். ‘போகிறது’ நிலையில் 15 நிமிடத்துக்கு மேல் கிடக்கும் வரிகளை ‘சந்தேகம்’ ஆக்குவதும் அதே கிரானின் வேலை.

நாளுக்கு ஒரு தடவை மூன்று டோக்கனையும் சும்மா ஒரு தகவல் கேட்டுச் சோதித்து, தோற்றால் உங்கள் டெலிகிராமுக்குச் செய்தி வரச் செய்யுங்கள். பக்க நிர்வாகி தன் ஃபேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றினால் காலாவதியில்லாத டோக்கனும் செல்லாமல் போகும். அவர் வேலையை விட்டுப் போனாலும் அப்படியே. கடையில் ஆட்கள் மாறுவார்கள் என்றால் மெட்டா பிசினஸ் அமைப்பில் ‘சிஸ்டம் யூசர்’ உருவாக்கி அதன் டோக்கனைப் பயன்படுத்துங்கள்.

நிஜ சேனலில் விடும் முன், சோதனை சேனலில் இவற்றைச் செய்து பாருங்கள்: ஒரே படத்தை இரண்டு பெயரில் போடுங்கள், அனுப்பிக்கொண்டிருக்கும்போது நிரலை நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள், மேக்கிலிருந்து ‘கொலுசு’ என்ற பெயரில் படமும், விண்டோஸிலிருந்து அதே பெயரில் டெக்ஸ்டும் ஏற்றுங்கள், 15 படத்தை ஒன்றாக நகர்த்துங்கள், டெலிகிராம் டோக்கனில் ஒரு எழுத்தை மாற்றி, மற்ற இரண்டு தளமும் தடையில்லாமல் போகிறதா பாருங்கள். கடைசிச் சோதனையில் மூன்றும் சேர்ந்து நின்றால், தளங்களை ஒரே வேலையாகக் கட்டியிருக்கிறீர்கள். பேரேட்டில் தளத்துக்கு ஒரு வரி என்று வைத்தது போல வரிசையிலும் தளத்துக்கு ஒரு வேலையாகப் பிரித்துவிடுங்கள்.